துரு ஏறாத கை

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் கடைசி வீட்டில் ஒரு டீச்சர் பிள்ளை குடியிருக்கிறது. தோட்டத்துப் பெண்கள் அந்தக் காலத்தில் செய்த வேலைகளைப் பற்றி ஒரு மலர் போடுகிறார்களாம். போன மாதம் என் வாசலில் வந்து நின்று, "பெரியம்மா, நீங்க எந்த மலையில கொழுந்து எடுத்தீங்க?" என்று கேட்டது.

"கொஞ்ச நாள்தான் எடுத்தேன். அதுக்கப்பறம் துவக்கு ரிப்பேர் பண்ணுனேன்" என்றேன். துப்பாக்கியைத்தான் இங்கே துவக்கு என்பது.

பிள்ளை சிரித்துவிட்டது. "என்ன பெரியம்மா, பெரிய சண்டியராட்டம் இருந்திருக்கீங்க!"

அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான். ஆள் முன்னால் நின்றால் வாய் ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். பிழை இருந்தால் பிள்ளை திருத்திக்கொள்ளட்டும்.

டயகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தேன். பதினாறு வயதில் கல்யாணம். மறு வருசமே புருசன் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. இலங்கைக்குச் சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருசம் இருக்கும், அடை மழையில் சறுக்கி விழுந்து இடுப்பு எலும்பு விலகிவிட்டது. கூடையோடு மலை ஏற முடியாது என்று ஆனதும் தோட்டத்தில் என் பேரை வெட்டிவிட்டார்கள். அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தேன். "பேரு வெட்டுன ஆளுக்கு வாசல் இஸ்தோப்புல கூட எடமில்ல" என்று அண்ணி ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள், எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள். மறுநாள் ஒரு துணி மூட்டையோடு ஹட்டனுக்கு பஸ் ஏறினேன்.

ரயில்வே ஸ்டேஷனுக்குக் கீழே ஒரு சந்தில் துப்பாக்கி பழுது பார்க்கும் கடை இருந்தது. தையல் மெசின், பூட்டு, பெட்ரோமாக்ஸ் எல்லாம் அங்கே வரும். ஆனாலும் தோட்டத்துத் தொரைமார் தேடி வருவது துப்பாக்கிக்குத்தான். கடைக்காரர் கண்டிப் பக்கத்துச் சிங்களவர், பியதாச என்று பெயர். எல்லாரும் பாஸ் என்பார்கள். கைத்தொழில்காரரை இந்த நாட்டில் அப்படித்தான் கூப்பிடுவது. அவர் கடையில் கூட்டிப் பெருக்க ஆள் தேடினார். நான் போனேன். கடைக்குப் பின்னால் பலகை அடித்த சின்ன அறை ஒன்றைத் தங்கக் கொடுத்தார்.

சேர்ந்த புதிதில், பெருக்குவதற்காக மேசை ஓரத்தில் கிடந்த ஒரு துப்பாக்கிக் குழலை நகர்த்தி வைத்தேன். மறுநாள் பாஸ் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"யார் தொட்டது இது?"

"நான்தாங்க. கூட்டுறதுக்கு நகத்துனேன்."

"எப்ப?"

"நேத்துக் காலையிலங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தக் குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தான் தொட்ட இன்னொரு குழலைக் காட்டினார். அதில் அவருடைய பெருவிரல் ரேகை செக்கச்செவேல் என்று துருவாகப் பதிந்திருந்தது.

"நம்ம கை பட்டா அடுத்த நாள் செவப்பு. வேர்வை அப்படி. பேய்க் கை. உன் கை பட்டு ஒண்ணும் வரல்ல. கை காட்டு." என் கையை அவர் தொடவில்லை. வெளிச்சத்தில் விரித்துப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தார். "நாளையில இருந்து நீ வெளக்குமாறு வைக்கிற. துவக்கு எடுக்கிற."

நான் தொழிலுக்கு வந்தது இப்படித்தான். சாமர்த்தியம் ஒன்றும் இல்லை, வேர்க்காத கை, அவ்வளவுதான். இரும்பைத் தொட்டால் சிலர் கை துரு ஏற்றும், சிலர் கை ஏற்றாது. என்னுடையது ஏற்றாத கை.

எனக்கு முன்கடையில் நிற்க வெட்கம். பாஸ் ஒரு சாக்குத் திரை கட்டிக் கொடுத்தார். அதற்குப் பின்னால்தான் என் உத்தியோகம். தொரைமார் வந்து, கறுத்து மின்னும் துப்பாக்கியைக் கையில் வாங்கி, "பியூட்டிஃபுல், பாஸ்" என்பார்கள். திரைக்குப் பின்னால் ஒருத்தி இருக்கிறாள் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை மத்தியானம் பாஸ் தன் ஊருக்குப் போய்விடுவார். திங்கட்கிழமை வரை நான் ஒரு வார்த்தை பேசாமல் இருந்த வாரங்கள் நிறைய உண்டு.

இரும்புக்கு அந்தக் கறுப்பு நிறம் எப்படி வருகிறது என்று சொல்கிறேன். அது வர்ணம் இல்லை, துருவேதான். முதலில் இரும்பை நீற்றுச் சுண்ணாம்பு போட்டுத் தேய்த்து, ஒரு பொட்டு எண்ணெய் இல்லாமல் எடுக்க வேண்டும். பிறகு பாஸ் கலக்கி வைத்திருக்கும் ஒரு மருந்துத் தண்ணீரைப் பஞ்சில் தொட்டு ஒரே இழுப்பாகப் பூசுவோம். ஒரே இடத்தில் இரண்டு தரம் போகக் கூடாது. அதை ஈரமான அலமாரியில் தொங்கவிட்டால் பூனை ரோமம் மாதிரி மெல்லிசாகச் சிவப்புத் துரு எழும்பும். ஹட்டன் பனிக்கு அது சீக்கிரம் எழும்பும். வெயில் காலத்தில் அலமாரிக்குள் ஈரச் சாக்குப் போட வேண்டும். எழும்பியதைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கினால் சிவப்பு கறுப்பாக மாறிவிடும். மேலே நிற்கும் தூளைக் கம்பிப் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டி எடுக்க வேண்டும். பிறகு மறுபடியும் மருந்து, மறுபடியும் துரு, மறுபடியும் கொதி தண்ணீர். இரும்பு பசி தீர்ந்து, இனித் துருப் பிடிக்க மாட்டேன் என்கிற வரைக்கும் இப்படியே. இதற்கிடையில் வேர்க்கிற கை ஒருதரம் பட்டால் போச்சு, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

முடித்ததைப் பாஸ் முன்னால் கொண்டுபோய் வைப்பேன். சரியில்லை என்றால் ஒன்றும் சொல்ல மாட்டார். ஒரே ஒரு விரலால் என் பக்கம் தள்ளிவிடுவார். சரி என்றால் தன் இடது பக்கம் நகர்த்திக்கொண்டு அடுத்த வேலையை எடுப்பார். திட்டியதும் இல்லை, மெச்சியதும் இல்லை. நான் அந்த ஒரு விரலுக்குப் பயந்த மாதிரி வேறு எதற்கும் பயந்ததில்லை.

இல்லை, ஒன்றுக்குப் பயந்திருக்கிறேன். அதைத்தான் சொல்ல வந்தேன். அது எங்கள் தோட்டத்தில் ஆள் பிடித்து வேலை வாங்கிய பெரியகங்காணி வீட்டுக் கைத்துப்பாக்கி.

சின்னப் பிள்ளையில் அதைப் பார்த்திருக்கிறேன். விடியற்காலை பெரட்டுக் களத்தில், ஆட்களை எண்ணி வேலைக்குப் பிரிக்கிற இடத்தில், பெரியகங்காணி கோட்டுக்கு மேல் பட்டை வார் கட்டி அதில் அந்தத் துப்பாக்கியைச் சொருகிக்கொண்டு வருவார். எங்கள் அப்பா நெட்டையான ஆள். லயத்து வாசலில் குனிந்துதான் நுழைவார். அந்த வார் களத்துக்குள் வந்ததும் அங்கேயும் குனிந்துவிடுவார். கங்காணி கடந்து போகும் வரை நிமிர மாட்டார். எத்தனையோ காலை இதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் துப்பாக்கி புலி அடித்தது, ஓடிப்போன ஒருவனை ஆற்றங்கரையில் அடித்தது என்றெல்லாம் லயத்தில் கதை உண்டு. அப்பா சாகும்போது கூன் விழுந்த மனுசனாகத்தான் செத்தார்.

இந்தியாவில் இருக்கிற ஊருக்குப் போவதா, இங்கேயே இருப்பதா என்று எல்லாரும் பேசத் தொடங்கியிருந்த காலம். ஒரு மழை நாளில் முன்கடையில் ஒரு குரல் கேட்டது. உடனே அடையாளம் தெரிந்தது. அப்பன் குரலே மகனுக்கும். பெரியகங்காணி செத்து நாலைந்து வருசம் ஆகியிருந்தது. வந்திருந்தது மகன் தங்கராஜா.

"பாஸ், இது எங்க தாத்தாவுக்கு மொதத் தொரை கையால குடுத்தது. தாத்தா, அப்பா, இப்ப நான். புலி அடிச்ச சாமான். பாத்துப் பண்ணணும்."

"புலி எத்தன?"

"ரெண்டு... மூணு இருக்கும்."

"துவக்கு பாத்தா எலி கூட ஓடாது போல."

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

"சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். திருவிழாவுக்கு முன்ன எனக்கு இது வேணும். மூணு தலைமொறையா அம்மன் கோயில்ல மொத மால எங்க வீட்டுக்குத்தான். இந்த வருசம் தொழிலாளர் சங்கத்துத் தலைவருக்காம்! எங்க வாசல்ல கைகட்டி நின்னவன் மகன். போடட்டும். மால போட்ட கழுத்து நிக்குதா, சாயுதான்னு பாத்துருவோம்."

"அது உங்க பேச்சு. நம்ம வேல துவக்கு" என்றார் பாஸ். "லைசன் யார் பேரு?"

"அம்மா பேர்ல மாத்துனது. பேருக்குத்தான். பொம்பளைக்கு எதுக்குத் துவக்கு?"

திரைக்குப் பின்னால் என் மடியில் ஒரு தொரையின் இரட்டைக் குழல் கிடந்தது. நான் அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் போனதும் பாஸ் அந்தக் கைத்துப்பாக்கியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எனக்குக் கை போகவில்லை. "என்ன, கடிக்குமா?" என்றார். எடுத்தேன். நினைத்திருந்ததைவிடச் சின்னது. நடுவில் மடக்கித் திறக்கிற ஜாதி, ஆறு தோட்டா உருளை. பிடியில் இருந்த கொம்புத் தகடு தேய்ந்து வழுவழு என்று ஆகிவிட்டது. குழலில் துரு அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருந்தது. காரணம் பார்த்த உடனே தெரிந்தது. சந்துபொந்தெல்லாம் சந்தனம். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் குழைத்த சந்தனமும் குங்குமமும் அப்பி, மேலே தேங்காய் எண்ணெய் விட்டு, துடைக்காமலே அலமாரியில் வைத்திருக்கிறார்கள். வருசா வருசம் அடுக்கடுக்காகக் காய்ந்து, அடியில் இரும்பைத் தின்றிருக்கிறது.

"இது துவக்கா, சாமியா?" என்றார் பாஸ்.

மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, மூங்கில் சிராய் கொண்டு சந்தனத்தை நெம்பி எடுத்தேன். இரும்பால் நெம்பக் கூடாது, கீறல் விழும். கடைசியாகக் குதிரைக்கு வந்தேன். குதிரை என்பது விசையை இழுத்தால் முன்னால் பாய்ந்து தோட்டாவின் பின்பக்கம் தட்டுகிற பாகம். அதன் முனையில் கோழிக்குஞ்சு அலகு மாதிரி ஒரு சின்ன மூக்கு இருக்கும். அந்த மூக்கு கொத்தினால்தான் தோட்டா வெடிக்கும். அந்த இடத்தில் சந்தனம் மற்ற எங்கும் இல்லாத அளவு தடிப்பாக இருந்தது. அது முழுசாகப் பேர்ந்து வந்தது. அடியில் மூக்கு இல்லை.

பாஸைக் கூப்பிட்டேன். கண்ணாடி போட்டு, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒடஞ்சது இல்ல. அராவினது. தொழில்காரன் அராவல்ல. பாரு, கோடு நாலு பக்கமும் போகுது. அரம் பிடிக்கத் தெரியாத கை. பயந்த கை. கொஞ்சம் அராவி நிறுத்தி, பிறகு வந்து அராவி. கோட்டுக்குள்ள துரு நல்லாப் பழசு." என்னை நிமிர்ந்து பார்த்தார். "உன் வயசு இருக்கும்."

நான் பின்னால் போய்த் தண்ணீர் கொதிக்க வைத்தேன். அன்றைக்குக் கொதி தண்ணீரில் வேலை ஒன்றும் இல்லை. அது கொதித்து வற்றும் வரை பார்த்துக்கொண்டு இருந்தேன். நான் பிறந்த காலத்திலிருந்தே அந்தத் துப்பாக்கி செத்த துப்பாக்கி. எங்கள் அப்பா ஆயுசு முழுக்க அதற்குத்தான் குனிந்திருக்கிறார்.

அடுத்த தரம் தங்கராஜா வந்தபோது பாஸ் குதிரையைக் காட்டிச் சொன்னார். அவன் குனிந்து பார்த்தான். "அப்பா இதத்தான் இடுப்புல கட்டிக்கிட்டு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். பிறகு, "புது மூக்கு வைங்க. நான் கண்ணால சுட்டுப் பாத்துத்தான் கொண்டு போவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். வீட்டில் போய்க் கத்தியிருக்க வேண்டும். ஏனென்றால் ஒருநாள் விட்டு அவன் அம்மாவே வந்துவிட்டார்.

பாஸ் சாப்பிடப் போயிருந்தார். முன்கடையில் ஆள் இல்லாததால் கங்காணியம்மா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வெள்ளைச் சேலை, கையில் குடை. நான் பதறி எழுந்தேன்.

"ஏ புள்ள, நீ மேமல லயத்து நெட்ட ராமன் மக செல்லாயிதான?"

"ஆமாங்கம்மா."

"இங்கனயா இருக்க? ஒக்காரு, ஏன் நிக்கிற?" என்று சொல்லிவிட்டு, இருந்த ஒரே முக்காலியில் அவரே உட்கார்ந்துகொண்டார். எண்ணெய்த் தட்டில் பிரித்து வைத்திருந்த துப்பாக்கியைப் பார்த்தார். "இவ்ளோதானா இதுக்குள்ள?"

"இவ்ளோதாங்கம்மா."

"அந்த மூக்க வைக்க வேணாம்னு பாஸ்கிட்ட சொல்லணும்."

எங்கிருந்து தைரியம் வந்ததோ, கேட்டுவிட்டேன். "ஆருங்கம்மா அராவுனது?"

அவர் இரண்டு கையையும் என் முன்னால் விரித்துக் காட்டினார்.

"தேயிலச் செடி கவ்வாத்து வெட்டுற கத்தி தீட்டுற அரம். அவரு ஆள் சேக்க ஊருக்குப் போயிருந்தாரு. சமயக்கட்டுக் கதவச் சாத்திக்கிட்டு தெனம் கொஞ்சமா அராவுனேன். சத்தம் வெளிய தெரியாம, நடுநடுவுல அம்மியில அரச்சுக்கிட்டே அராவுனேன்." கொஞ்சம் சிரித்தார். "அந்த மாசம் எங்க வீட்டுல எல்லாத்துக்கும் தொவையல்தான்."

"ஏங்கம்மா?"

"அதுக்கு முந்தி ஒருநா வாசல்ல ஒருத்தன நிறுத்தி, நெத்தியில வச்சு விசைய இழுத்தாரு. தோட்டா இல்ல. வெளயாட்டு. அந்த மனுசன் நின்ன எடத்துலயே வேட்டிய நனச்சுட்டான். இவரு விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. அவன் பொண்டாட்டி கைப்புள்ளயோட பாத்துக்கிட்டு நிக்கிறா. எனக்குச் சோறு எறங்கல. இன்னைக்குத் தோட்டா இல்ல, நாளைக்கு இருந்தா?"

யார் அந்த மனுசன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

"அய்யாவுக்குத் தெரியாதுங்களா?"

"ஒருக்கா பன்னி சுடப் போனாரு. திரும்பி வந்து, தோட்டா ஈரம்னு சொல்லி அலமாரியில வச்சாரு. தெரிஞ்சிருக்கும். கேக்கல. நானும் சொல்லல. ஆயுத பூச அன்னைக்கு நான்தான் பொட்டு வைப்பேன், அந்த எடத்துல மட்டும் கொஞ்சம் தடிப்பா. அவரு பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருப்பாரு. அப்பறம் ரெண்டு பேரும் பேச என்ன இருக்கு? சாகுற வரைக்கும் அப்படியே போச்சு."

பேசிக்கொண்டே தட்டுக்கு வெளியே காயவைத்திருந்த குதிரையைக் கையில் எடுத்துவிட்டார்.

"தொடாதீங்கம்மா!" என்று கத்திவிட்டேன். அந்த வீட்டு ஆளைப் பார்த்து எங்கள் குடும்பத்தில் யாரும் அப்படிச் சத்தம் போட்டிருக்க மாட்டார்கள். அவர் கோபப்படவில்லை. மெதுவாகக் கீழே வைத்தார்.

"நீதான் சொல்லணும் புள்ள. நான் கடையில நின்னு பேசுனா மகன் காதுக்குப் போயிரும். சங்கத்துக்காரன் சாவான். அதுக்கு என் மகன் தூக்குல தொங்குவான். ரெண்டு வீட்டுலயும் பொம்பளைங்கதான் மிச்சம் இருப்போம்." பிறகு, "தேத்தண்ணி இருக்கா?" என்றார்.

என்னிடம் ஒரே டம்ளர்தான் இருந்தது. அவர் வீட்டில் எங்களுக்குப் பின்வாசலில் தேங்காய்ச் சிரட்டையில்தான் தேத்தண்ணி ஊற்றுவார்கள். நான் கழுவிக் கழுவி ஊற்றிக் கொடுத்தேன். அவர் வாய் வைத்துக் குடித்துவிட்டு, டம்ளரை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

பாஸ் வந்த பிறகும் எனக்கு வாய் வரவில்லை. பொழுது சாயப் போகும்போது எப்படியோ, "பாஸையா" என்றேன். அவர் தலையைத் தூக்கவில்லை. ஒன்று விடாமல் சொன்னேன். அம்மியையும் சொன்னேன். கடைசியில் அவர் சொன்னது இவ்வளவுதான்:

"நம்ம மேசைல இருந்து வேல செய்யாத சாமான் வெளிய போனது இல்ல."

மறுநாள் காலையில் அந்தக் குதிரையில் சிவப்பாக மூன்று விரல் பதிந்திருந்தது. பாஸ் அதைப் பார்த்தார். தேய்த்துவிட்டுப் புது மூக்கு செய்ய உட்கார்ந்துவிட்டார்.

அவ்வளவுதான் என்று நினைத்தேன். நான் வாய் திறந்த ஒரே தரம், அதுவும் வீணாகப் போயிற்று. குதிரையில் காடி வெட்டினார். நல்ல உருக்குக் கம்பியில் மூக்கை அராவினார். அதைக் காடியில் வைத்துக் குறுக்கே ஊசி போட்டுப் பார்த்தார். திரும்ப எடுத்துப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினார். பிறகு இருட்டு மூலையில் தணலில் மெல்லக் காட்டி, தேன் நிறம் வந்ததும் எடுத்தார். அவர் கை அரத்தில் போவதைப் பார்த்தால் தண்ணீர் ஓடுவது போல இருக்கும். அன்றைக்கு எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

தங்கராஜா வந்தான். கடைக்குப் பின்னால் இருந்த வளவில் மணல் மூட்டை வைத்துச் சுட்டுப் பார்த்தான். ஸ்டேஷன் கூரையில் இருந்த காக்காய் எல்லாம் எழும்பிப் பறந்தன. திரை இடுக்கால் பார்த்தேன். சுட்டு முடிந்ததும், "இப்ப வரட்டும்" என்று சிரித்தான். கறுப்பு ஏற்ற இன்னும் சில நாள் வேண்டும் என்று பாஸ் துப்பாக்கியை வைத்துக்கொண்டார்.

அந்தக் கறுப்பை நான்தான் ஏற்றினேன். குழி விழுந்த இரும்பு, மருந்து ஒரே மாதிரி எடுக்காது. குழிக்குள் தேங்கினால் திட்டு விழும். ஊசி முனையில் பஞ்சு சுற்றி ஒவ்வொரு குழியாக ஒற்றி எடுத்தேன். வேண்டுமென்றே கெடுத்துவிடலாமா என்று நினைப்பு வந்தது. நிறம் கெட்டால் துப்பாக்கி சுடாமலா போகும்? கடைசிக் கொதி முடிந்து எண்ணெய் போட்டபோது மழையில் நனைந்த பாறை மாதிரி கறுத்து நின்றது. கொண்டுபோய்ப் பாஸ் முன்னால் வைத்தேன். அவர் அதை இடது பக்கம் நகர்த்தவும் இல்லை, என் பக்கம் தள்ளவும் இல்லை.

குதிரையைக் கழற்றினார். சின்ன உளியால் குறுக்கு ஊசியைத் தட்டி வெளியே எடுத்தார். மூக்கு கழன்று விழுந்தது. மேசை இழுப்பறையிலிருந்து இன்னொரு மூக்கை எடுத்தார். எப்போது செய்தார் என்று எனக்குத் தெரியாது. அதே வடிவம், அதே மினுக்கு, ஆனால் நீளம் குறைவு. தோட்டாவை எட்டாது. அதை வைத்து ஊசி அடித்தார். அதையும் ஒருதரம் எண்ணெய்க்கல்லில் தேய்த்து ஒழுங்கு பார்த்தார்.

"கை நீட்டு."

நீட்டினேன். நல்ல மூக்கை என் உள்ளங்கையில் வைத்தார்.

"லைசன் யார் பேரு?"

"கங்காணியம்மா பேருங்க."

"அப்ப இந்த மூக்கு சொந்தக்காரிக்கு. அவர் வைக்கச் சொன்னா நம்ம வைக்கிற. வேல முடிஞ்சது. ஒண்ணும் கொறயல்ல." துப்பாக்கியை இடது பக்கம் நகர்த்தினார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நங்கி, நீ இவ்வளவு பேசி நம்ம கேட்டது இல்ல."

நங்கி என்றால் தங்கச்சி. அதற்கு முன்னால் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

தங்கராஜா துப்பாக்கியை வாங்கிப் போனதும், அந்த ஞாயிற்றுக்கிழமை டயகம பஸ்ஸில் போனேன். பழக்க தோசத்தில் கங்காணி வீட்டுப் பின்வாசலுக்குப் போய் நின்றேன். கங்காணியம்மா எட்டிப் பார்த்து, "முன்னால வா" என்றார். முன்வாசல் வழியாகப் போய் அந்த நல்ல மூக்கைக் கொடுத்தேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அவ்வளவு பெரிய வீட்டில் அவர் ஒருவருடைய செருப்புச் சத்தம்தான் கேட்டது.

திருவிழாவுக்கு நான் போகவில்லை. அண்ணன் சொன்னதுதான். சங்கத்துத் தலைவர் கழுத்தில் மாலை விழுந்ததும் தங்கராஜா துப்பாக்கியை எடுத்து நீட்டினானாம். தப்பு மேளம் நின்றுவிட்டதாம். தலைவர் மாலையோடு கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றாராம். டக் என்று ஒரு சத்தம். மறுபடியும் டக். அப்புறம் கூட்டத்தில் எங்கேயோ ஒரு பொம்பளை சிரித்திருக்கிறாள். பிறகு எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அவனை யாரும் அடிக்கவில்லை. கங்காணியம்மா கூட்டத்துக்குள் நடந்து வந்து, துப்பாக்கியை மகன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "வா, வீட்டுக்கு" என்று கூட்டிப்போனாராம். அண்ணன் இதைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அப்பா இருந்து கேட்டிருக்க வேண்டும்.

தங்கராஜா கடைக்கு வந்து சண்டை போடுவான் என்று பயந்துகொண்டிருந்தேன். வரவில்லை. தெரிந்திருக்கும். அவனும் கேட்கவில்லை.

கொஞ்ச காலத்தில் அந்தக் குடும்பம் ஊருக்குப் புறப்பட்டது. துப்பாக்கியைப் பொலிசில் ஒப்படைத்துவிட்டார்கள். தலைமன்னார் ரயிலுக்குச் சாமானெல்லாம் ஏற்றிக்கொண்டிருந்தபோது கங்காணியம்மா மட்டும் சந்தில் இறங்கி வந்தார். திரையை விலக்கினார். அந்த முக்காலியில் உட்கார நேரம் இல்லை.

"கப்பல்ல ஏத்தும்போது எல்லாத்தையும் ஒதறிப் பாப்பாங்களாம். நீ வச்சுக்க" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்தார். என் கையை எடுத்து விரித்து, அதில் வைத்து, தன் கையால் என் விரல்களை மூடிவிட்டார். கை ஈரமாக இருந்தது. புருசன் போன பிறகு என் கையை அப்படிப் பிடித்தவர் அவர் ஒருத்திதான்.

அவர் போன பிறகு விரித்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி பாஸ் தேய்த்து வைத்த மூக்கு செக்கச்செவேல் என்று இருந்தது. தினமும் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறார்.

பிறகும் ரொம்ப வருசம் அந்தத் திரைக்குப் பின்னால் வேலை செய்தேன். பாஸ் போய்ச் சேர்ந்தார். அந்த இடத்தில் இப்போது போன் விற்கிறார்கள். அண்ணன் வீட்டு ஆட்களும் ஊருக்குப் போய்விட்டார்கள். எங்கள் தோட்டத்திலேயே காலியாகக் கிடந்த ஒரு காம்பராவில், ஒற்றை அறையில், நான் இருக்கிறேன். பேச ஆள் இல்லாத நாளில் சீனி டின்னைத் திறந்து அந்த மூக்கை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வேன். எத்தனையோ பேர் வீட்டு இரும்பில் துரு எடுத்தவள் நான். இதில் மட்டும் எடுக்கவில்லை. அது அவருடைய கைத் துரு. என் கை பட்டுத் துரு ஏறாது. அதனால் அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை, அவர் கொடுத்தபடியே இருக்கிறது.